பௌத்தமும் நவீன விஞ்ஞானமும்: ஓர் உரையாடலின் வடிவங்களும் அவற்றின் சமூகத் தளமும்

1

‘பௌத்தம் விஞ்ஞானபூர்வமான சமயம்’ என்னும் கூற்று இன்று நிறுவப்பட்டுவிட்ட உண்மையாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. வெசாக் மலர்களிலும் பாடசாலை மேடைகளிலும் அது ஒலிக்கின்றது. மேலைத்தேய நரம்பியலாளரின் மாநாடுகளிலும் அதன் எதிரொலி கேட்கின்றது. சமயங்களை ஐயத்துடன் நோக்கும் முற்போக்காளருட் சிலரும் பௌத்தத்திற்கு மாத்திரம் விதிவிலக்கு அளித்து, அதனை ஏறத்தாழப் பொருள்முதல்வாதத்தின் முன்னோடியாகக் கொள்வதுண்டு. படைப்புக் கடவுளையும் நிலையான ஆன்மாவையும் மறுத்த ஒரு சிந்தனை மரபு இத்தகைய மதிப்பைப் பெறுவதில் வியப்பில்லை. ஆயினும் மதிப்பு வேறு, மதிப்பீடு வேறு.

இக்கூற்றினை வரலாற்றுக்குப் புறம்பாக நோக்குவோர், பாளி நிக்காயங்களிலிருந்து சில பகுதிகளையும் பௌதிக நூல்களிலிருந்து சில பகுதிகளையும் அருகருகே வைத்து ஒப்புமை காண்பதோடு அமைந்துவிடுகின்றனர். வெவ்வேறு சமூகங்களில், வெவ்வேறு தேவைகளின் பொருட்டு எழுந்த இரு சொற்றொகுதிகள் மேலோட்டமாக ஒத்திருப்பது ஒன்றையும் நிறுவிவிடாது. எனவே இக்கட்டுரை வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. பௌத்தத்திற்கும் நவீன விஞ்ஞானத்திற்கும் இடையில் நடைபெறுவதாகக் கூறப்படும் உரையாடல் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எவ்வெழுத்து வடிவங்களை மேற்கொண்டது, அவ்வடிவங்களைத் தோற்றுவித்த சமூகத் தேவைகள் யாவை, ஒவ்வொரு கட்டத்திலும் பௌத்தத்தின் எக்கூறுகள் கைவிடப்பட்டன, எவை காப்பாற்றப்பட்டன என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள். விவாதம், வினாவிடை, ஆய்வேடு, உரையாடல் நூல் என நான்கு வடிவங்களை இவ்வரலாற்றில் இனங்காணலாம். இலக்கிய விமர்சனம் கற்றுத்தந்த பாடமொன்றை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்: வடிவம் என்பது கருத்தை ஏற்றிச்செல்லும் வெறும் கலம் அன்று, கருத்தின் எல்லையை வகுப்பதும் அதுவே.

2

1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் நாட்களில் பாணந்துறையில் நடைபெற்ற விவாதம் இவ்வரலாற்றின் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளத்தக்கது. பௌத்தத் தரப்பில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும், கிறிஸ்தவத் தரப்பில் மெதடிஸ்த திருச்சபையைச் சார்ந்த டேவிட் டி சில்வாவும் சிறிமான்ன என்னும் உபதேசியாரும் வாதிட்டனர். டேவிட் டி சில்வா பாளி மேற்கோள்களை அடுக்கிப் பேசியதனால் திரண்டிருந்த மக்களிடமிருந்து விலகி நின்றார். குணானந்தரோ பேச்சு வழக்கின் வலிமையை நன்கறிந்தவர். வெற்றி யாருடையது என்பதை மக்களின் ஆரவாரமே தீர்மானித்தது.

இவ்விவாதத்தில் விஞ்ஞானம் யார் கையில் இருந்தது என்பது அவதானிக்கத்தக்கது. மகாமேரு என ஒரு மலை உண்டெனப் பௌத்த நூல்கள் கூறுகின்றனவே, உலகைச் சுற்றிக் கப்பலோட்டியோர் எவராவது அதனைக் கண்டதுண்டா என வினவியவர் கிறிஸ்தவப் பிரசாரகர். நவீன புவியியலும் வானியலும் அவரது படைக்கலங்கள். குணானந்தர் இதற்கு அளித்த மறுமொழி, பௌத்தத்தின் விஞ்ஞானத் தன்மையைப் போற்றுவோர் பெரும்பாலும் நினைவுகூர விரும்பாத ஒன்று. நியூட்டனின் கொள்கை ஐரோப்பாவிலேயே ஐயத்திற்கு இடமானது எனக் காட்டுதற்கு அவர், பூமியே அசையாத மையம் என வாதிட்ட மொரிசன் என்னும் ஆங்கிலேய சோதிடரின் நூலைத் துணைக்கு அழைத்தார். திசையறி கருவியின் ஊசி எப்பொழுதும் வடக்கையே நோக்குவது, மேரு அங்குள்ளது என்பதற்குச் சான்று எனவும் கூறினார். ஆக, பௌத்தமும் நவீன விஞ்ஞானமும் இந்நாட்டில் நேருக்கு நேர் சந்தித்த மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சியில், பௌத்தம் நியூட்டனுக்கு எதிரணியிலேயே நின்றது.

இதனைக் கூறுவது குணானந்தரை இழிவுபடுத்துவதற்கன்று. குடியேற்ற நாட்டாட்சியின் கீழ் விஞ்ஞானம் தூய அறிவாக வந்து சேரவில்லை. அது சுவிசேஷத்தின் ஊழியனாக வந்தது. மேருவைத் தகர்க்கப் புவியியலைக் கையாண்ட மிஷனரி, அதே அளவுகோலை ஆதியாகமத்தின் ஆறு நாட் படைப்பிற்குப் பிரயோகிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் இதே நாடகம் முன்னரே அரங்கேறியிருந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர், 1829ஆம் ஆண்டின் சந்திரகிரகணம் பற்றிய பஞ்சாங்கக் கணிப்பினை எதிர்த்துத் தமது கணிப்பை முன்வைத்து வென்றார். கிரகணம் சரியாகக் கணிக்கப்பட்டமையிலிருந்து புராணம் பொய் என்பதும், புராணம் பொய்யானமையால் விவிலியம் மெய் என்பதும் பெறப்பட்டன. முதலாவது முடிவுக்கு ஓரளவு நியாயமுண்டு. இரண்டாவதற்கு எந்நியாயமும் இல்லை. பாணந்துறையில் குணானந்தர் தகர்த்தது இந்த இரண்டாவது முடிவையே. அவரது வாதத்தின் முற்போக்கான கூறு, மேருவைக் காத்ததில் அன்று. விவிலியத்தையும் அதே பகுத்தறிவின் முன் நிறுத்தியதிலேயே உள்ளது.

3

பாணந்துறை விவாதம் 1873இலேயே ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. அதனைப் படித்து ஈர்ப்புற்ற ஹென்றி ஸ்டீல் ஒல்கொட், பிளவட்ஸ்கி அம்மையாருடன் 1880 மே மாதம் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிப் பஞ்சசீலம் ஏற்றார். மறு ஆண்டில் அவரது ‘பௌத்த வினாவிடை’ வெளியாயிற்று. விவாதம் வினாவிடையாக மாறிய இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. விவாதத்தில் எதிராளி உயிருடன் நிற்கின்றான். அவன் எதனைக் கேட்பான் என்பது முன்கூட்டித் தெரியாது. வினாவிடையிலோ வினாவும் விடையும் ஒரே கையால் எழுதப்படுகின்றன. ஐயம் எழுவதற்கு முன்னரே அதற்கான விடை ஆயத்தமாகிவிடுகின்றது. கிறிஸ்தவ ஞானோபதேசத்தின் இவ்வடிவத்தை ஆறுமுக நாவலர் ‘சைவ வினாவிடை’யில் ஏற்கனவே கைக்கொண்டிருந்தார். எதிரியின் ஆயுதத்தை எடுத்தவர்கள், அவ்வாயுதத்தோடு சேர்த்து எதிரியின் சமய இலக்கணத்தையும் எடுத்துக்கொண்டனர்: சமயம் என்றால் அதற்கொரு கோட்பாட்டுத் தொகுப்பு வேண்டும், அது சிறுவருக்குப் பாடமாக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும், காலத்தின் அறிவோடு முரண்படாததாகவும் இருத்தல் வேண்டும்.

ஒல்கொட்டின் வினாவிடையினது பிற்பட்ட பதிப்புகளில் பௌத்தமும் விஞ்ஞானமும் பற்றித் தனிப்பகுதியே சேர்க்கப்பட்டது. ஆனால் அங்கு விஞ்ஞானம் எனப்படுவது யாது? புத்தரின் திருமேனியிலிருந்து ஒளிக்கதிர்கள் வீசின என்னும் மரபுச் செய்தி, மனித உடலைச் சூழ்ந்த ஒளிவட்டம் பற்றி ரைக்கன்பாக் கூறியவற்றால் விளக்கப்படுகின்றது. இருத்திகள் எனப்படும் சித்திகளுக்கு அறிதுயில் சான்றாகின்றது. விஞ்ஞான வரலாறு பின்னர் ஒதுக்கிவிட்ட ஊகங்களே அன்று விஞ்ஞானத்தின் பெயரால் பௌத்தத்திற்குத் துணைநின்றன. சமயத்தை நடப்பு விஞ்ஞானத்தோடு பிணைப்போர் எதிர்கொள்ளும் இடர் இதுவே: விஞ்ஞானம் தன் கொள்கைகளைக் கைவிட்டு முன்செல்லும், சமயமோ கைவிடப்பட்ட கொள்கையைத் தழுவியபடி நிற்கும்.

இக்கருத்துநிலையின் வர்க்க அடித்தளத்தையும் நோக்குதல் வேண்டும். சாராயக் குத்தகை, காரீயம், தெங்கு ஆகியவற்றால் செல்வம் ஈட்டிய கரையோரச் சிங்கள முதலாளி வர்க்கம், செல்வத்திற்கேற்ற சமூக மதிப்பினைக் குடியேற்ற அமைப்பினுள் பெறமுடியாதிருந்தது. நவீனத்தை ஏற்கவும் வேண்டும், ஆள்வோரின் சமயத்தை மறுக்கவும் வேண்டும் என்னும் இரட்டைத் தேவை அவ்வர்க்கத்தினுடையது. கொழும்புத் தளபாட வணிகர் ஒருவரின் மகனான அநகாரிக தர்மபால (1864–1933) இத்தேவையின் குரலாக எழுந்தார். 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற சர்வசமயப் பேரவையில் அவர் பௌத்தத்தைக் காரணகாரிய விதியின் சமயமாகவும் பரிணாமக் கோட்பாட்டோடு இயைந்ததாகவும் எடுத்துரைத்தார். அதே மேடையில் ஜப்பானியத் துறவி ஷாக்கு சோயென் காரணகாரிய விதி பற்றியே கட்டுரை படித்தார். இருவரையும் கேட்டு ஈர்க்கப்பட்ட பால் காருஸ், ‘விஞ்ஞானத்தின் சமயம்’ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர். மறு ஆண்டே அவர் புத்தரின் சுவிசேஷம் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். டார்வினால் அதிர்ச்சியுற்ற மேற்கு நாட்டு மத்தியதர வர்க்கத்திற்குக் கடவுளற்ற ஒழுக்கம் தேவைப்பட்டது. அடிமைப்பட்ட கிழக்கிற்குத் தன்மானம் தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்திலேயே ‘விஞ்ஞான பௌத்தம்’ பிறந்தது.

அது ஏகாதிபத்திய எதிர்ப்பில் ஆற்றிய பங்கினை மறுத்தல் வரலாற்று நேர்மையாகாது. ஆனால் அதே தர்மபாலவின் எழுத்துக்களில் பகுத்தறிவின் சமயம் என்பது ஆரிய இனத்தின் சமயமாகவும், பிறரை அந்நியராக்கும் எல்லைக்கோடாகவும் உருமாறியது. எம் சமயம் பகுத்தறிவுக்கு உகந்தது என்னும் கூற்று, எம்மவரே பகுத்தறிவுடையோர் என்னும் கூற்றாக மாறுவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை.

4

சுதந்திரத்தின் பின்னர் உரையாடல் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்து ஆய்வேட்டின் வடிவம் பெற்றது. இக்கட்டத்தின் தலையாய படைப்பு, பேராதனையில் மெய்யியற் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக்க 1963இல் வெளியிட்ட, ஆதி பௌத்தத்தின் அறிவுக்கோட்பாடு பற்றிய பெருநூலாகும். கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனிடம் பயின்ற அவர், நிக்காயங்களை நுணுகி ஆராய்ந்து, ஆதி பௌத்தம் அனுபவவாதத்தோடு நெருங்கியது என நிறுவ முயன்றார். வேதத்தின் பிரமாணத்தை மறுத்தமை, வெறும் தர்க்கத்தையும் போதாதெனக் கொண்டமை, கண்டறிதலை முதன்மைப்படுத்தியமை ஆகியவற்றை அவர் விளக்கும் பகுதிகள் இன்றும் பயனுடையன.

ஆயின் அந்நூலின் நடுநாயகமான வாதத்திலே ஒரு வழுக்கல் உண்டு. ‘அனுபவம்’ என்னும் சொல் அங்கு இரு பொருளில் வழங்குகின்றது. விஞ்ஞானத்தின் அனுபவம் பொதுவானது; கருவியால் அளக்கப்படுவது; நம்பிக்கை அற்றவராலும் மீளச் செய்து பார்க்கத்தக்கது. தியானத்தில் முதிர்ந்தோன் பெறும் அபிஞ்ஞை என்னும் மேலறிவோ அதனைப் பெற்றவனுக்கே உரியது. அவ்வறிவினால் முற்பிறவிகள் காணப்படும் என்பதனை அனுபவச் சான்றாகக் கொண்டால், எந்தச் சமயத்தின் எந்தத் தரிசனத்தையும் விஞ்ஞானமாகக் கொள்ளலாம். புலன்கடந்த காட்சியை அனுபவவாதத்தினுள் அடக்கிய அக்கணமே அனுபவவாதம் தன் பொருளை இழந்துவிடுகின்றது.

காலாம சூத்திரம் பற்றிய வழக்கமான வியாக்கியானமும் இத்தகையதே. மரபு, நூல், குரு ஆகியவற்றை நம்பி ஏற்க வேண்டாம் என்னும் பகுதி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. தர்க்கத்தையும் ஊகத்தையும் மட்டும் நம்பவேண்டாம் என்பதும் அதே பட்டியலில் உள்ளது என்பதும், ஏற்பதற்குரிய அளவுகோலாக அங்கு வைக்கப்படுவது நன்மை தீமையும் அறிவோரின் புகழ்ச்சியும் என்பதும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. அது ஒழுக்கத் தெரிவிற்கான வழிகாட்டி. இயற்கையை ஆராயும் முறையியல் அன்று. இயற்கை பற்றிய வினாக்கள் எழுந்தபொழுது புத்தர் மேற்கொண்ட நிலைப்பாடு மாலுங்கியபுத்தரை நோக்கிய உபதேசத்தில் தெளிவாகின்றது: உலகம் நித்தியமா, எல்லையுடையதா என்பன போன்ற வினாக்கள் துக்க நீக்கத்திற்கு உதவாதன, அம்பு தைத்தவன் அம்பைப் பிடுங்குமுன் அதை எய்தவனின் குலம் கோத்திரம் விசாரிப்பதற்கு நிகரானவை. இது ஒரு கண்ணியமான நிலைப்பாடு. ஆயினும் புத்தர் எங்கு மௌனம் சாதித்தாரோ அங்கேயே அண்டவியல் தொடங்குகின்றது என்பதை மறைத்து, மௌனத்தை விஞ்ஞானமாக்குதல் தகாது.

அபிதம்மத்தின் கலாபக் கோட்பாட்டை அணுக்கொள்கையோடு ஒப்பிடுதலும் இவ்வகையினதே. கலாபம் என்பது நிலம், நீர், தீ, காற்று, நிறம், மணம், சுவை, ஓஜா எனப்படும் ஊட்டச்சத்து ஆகிய எட்டின் பிரிக்கவியலாக் கூட்டு. பற்றினை விடுத்தற்பொருட்டு அனுபவத்தைக் கூறுகூறாகப் பகுத்துக் காணும் முயற்சியில் விளைந்தது. டால்டனின் அணுவோ வாயுக்களையும் சேர்வைகளையும் நிறுத்து, அவற்றின் விகிதங்களைக் கணக்கிட்டதில் விளைந்தது. தராசும் உலையும் தொழிலும் இல்லாது அது பிறந்திராது. உற்பத்தி நடைமுறையோடு விஞ்ஞானம் கொண்ட இவ்வுறவினை விலக்கிவிட்டு, முடிவுகளை மட்டும் ஒப்பிடுவோர் விஞ்ஞானத்தையும் ஒருவகைத் தரிசனமாகவே காண்கின்றனர்.

5

தமிழ் மாணவருக்கு இவ்விடத்தில் ஓர் அரிய சான்று கைவசம் உண்டு. மணிமேகலையின் பிற்பகுதி, பௌத்தம் தன் காலத்து ஏனைய சிந்தனைகளை எவ்வாறு எதிர்கொண்டது என்பதனைக் காட்டும் ஆவணமாகும். சமயக்கணக்கர் பலரின் கொள்கைகளையும் மணிமேகலை வஞ்சியில் கேட்கின்றாள். அவர்களுள் பூதவாதியும் ஒருவன். பூவும் வெல்லமும் வேறு சிலவும் சேருமிடத்து மயக்கும் இயல்பு புதிதாகத் தோன்றுதல்போல, பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றும் என்பதும், இம்மையும் இம்மைப் பயனுமே உண்மை என்பதும் அவன் கொள்கை. உணர்வு பொருளின் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் எழும் பண்பு என்னும் இக்கருத்து, அக்காலத்துச் சிந்தனைகளுள் இன்றைய உயிரியலுக்கு மிக அணித்தாக நிற்பது. பௌத்தக் காப்பியத்தின் தலைவியோ அவனையே எள்ளி நகைக்கின்றாள். அவளது மறுப்பிற்கு ஆதாரம், தன் முற்பிறவியைத் தான் அறிந்திருத்தல். காட்சியே போதும் என்பவனிடம், உன் பெற்றோர் இன்னார் என்பதை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என அவள் எழுப்பும் வினா கூர்மையானது. ஆனால் அக்கூர்மை மறுபிறப்பைக் காப்பதற்கே பயன்படுகின்றது.

அதனையடுத்து அறவண அடிகள் போதிக்கும் அளவையியல், பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் வகுத்துக் காட்டுகின்றது. திக்நாகர் மரபின் தர்க்க நூலறிவு இத்துணைத் துல்லியமாகத் தமிழில் பெயர்ந்திருத்தல் எமது அறிவு வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. எனினும் அத்தர்க்கம் எதற்குப் பணிபுரிகின்றது? பேதைமை முதலாக வினைப்பயன் ஈறாக அமைந்த பன்னிரு நிதானங்களை ஏற்கச்செய்து, பவத்திறம் அறுதற்குத் தலைவியை ஆற்றுப்படுத்துதற்கு. மணிமேகலையில் காரணகாரியம் உண்டு. ஆனால் அது ஒழுக்கத்தின் காரணகாரியம். அமுதசுரபியின்மூலம் பசியைத் தீர்க்கும் அக்காப்பியத்தின் மனிதநேயம் மகத்தானது. எனினும் பசியின் காரணத்தை அது வினையில் தேடுகின்றதேயன்றி உடைமையில் தேடவில்லை. இதனைக் குறையாகச் சுட்டவில்லை. அக்காலத்தின் எல்லையாகவே சுட்டுகிறோம். நவீன கால வியாக்கியானகாரர் அவ்வெல்லையை அழித்துவிட்டு, பழைய நூலில் புதிய விஞ்ஞானம் முழுவதையும் காணும்பொழுதே குறை பிறக்கின்றது.

6

நான்காவது வடிவம், இன்று உலகெங்கும் பரவியுள்ள உரையாடல் நூல். 1987இல் சிலி நாட்டு நரம்பியலாளர் பிரான்சிஸ்கோ வரேலாவும் பிறரும் தரம்சாலாவில் தலாய் லாமாவுடன் தொடங்கிய சந்திப்புகள் தொகுதி தொகுதியாக வெளிவந்துள்ளன. 2005இல் வெளியான தமது நூலில் தலாய் லாமா, விஞ்ஞானம் ஐயந்திரிபற நிறுவிய முடிவுகளோடு முரண்படும் பௌத்தக் கூற்றுகள் கைவிடப்படவேண்டும் எனக் கூறியுள்ளார். மேருவை மையமாகக் கொண்ட அண்டவியலையும் விட்டுக்கொடுத்துள்ளார். சமயத் தலைவர் ஒருவரிடம் இத்தகைய திறந்த மனம் அரிதே. 2006 முதல் எமரி பல்கலைக்கழகத்தின் துணையுடன் திபெத்தியத் துறவிகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டு வருவதும் வரவேற்கத்தக்கது.

ஆயினும் அதே நூலில், உணர்வு பொருளுக்கு ஒடுங்கியது அன்று என்பதும், பிறழ்வுகளின் தற்செயல் தன்மை மாத்திரம் உயிர்களின் பரிணாமத்தை விளக்கப் போதாது, கர்மத்திற்கும் இடமுண்டு என்பதும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. மேரு போகலாம், கர்மம் போகலாகாது. இத்தெரிவு தற்செயலானதன்று. மேருவைக் கைவிடுவதால் எந்தச் சமூக உறவும் குலைவதில்லை. கர்மத்தைக் கைவிட்டாலோ, செல்வனின் செல்வத்திற்கும் வறியோனின் வறுமைக்கும் வேறு விளக்கம் தேடவேண்டிவரும்.

ஆய்வுகூடச் சான்றுகளையும் அவற்றின் அளவுக்கு மேல் மதித்தல் ஆகாது. 2004இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று, நீண்டகாலத் தியானப் பயிற்சியுடைய எட்டுப் பௌத்தரின் மூளையில் உயர்ந்த காமா அலை ஒத்திசைவைப் பதிவுசெய்தது. நெடும்பயிற்சிக்கும் மூளையின் இயக்கத்திற்கும் தொடர்புண்டு என்பதற்கு அது ஒரு சான்று. மறுபிறப்புக்கோ நிர்வாணத்துக்கோ சான்றன்று. உணர்வு மூளையைச் சாராதது எனக் கூறுவோர், மண்டையோட்டில் மின்வாய்களைப் பொருத்தி அதனை நிறுவ விழைவதில் உள்ள முரண்பாடு நகைப்புக்குரியது. 2005இல் நரம்பியலாளர் சங்கத்தின் மாநாட்டில் தலாய் லாமா உரையாற்ற அழைக்கப்பட்டபொழுது விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டமையையும் நினைவிற் கொள்ளலாம். பௌத்தமே விஞ்ஞானத்தோடு இயையும் எதிர்காலச் சமயம் என ஐன்ஸ்டைன் சொன்னதாகப் பரவலாக வழங்கும் மேற்கோள் அவரது எழுத்துக்களில் காணப்படாதது. 1930இல் அவர் எழுதிய கட்டுரையில் அண்டச் சமயவுணர்வின் கூறு பௌத்தத்தில் வலுவாக உண்டென ஷோப்பன்ஹவர் வாயிலாக அறிந்ததாகக் குறிப்பிட்டதே உண்மை. பெயர்பெற்ற விஞ்ஞானியின் நற்சான்றிதழுக்காக இத்துணை ஏங்குதல், குடியேற்ற காலத்து மனநிலை இன்னும் நீங்கவில்லை என்பதனையே காட்டுகின்றது.

இதன் மறுபக்கம் சந்தை. 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபாட்-சின் நோயாளரின் துன்பத்தைத் தணிக்கும் நோக்குடன் வகுத்த எட்டு வாரப் பயிற்சி, பின்னர் பெருநிறுவனங்களின் அலுவலகங்களிலும் படைமுகாம்களிலும் புகுந்தது. அட்டாங்க மார்க்கத்தின் எட்டு அங்கங்களுள் ‘சதி’ என்னும் ஓர் அங்கம் மாத்திரம் கழற்றி எடுக்கப்பட்டது. நற்றொழில், நற்சீவனம் என்பன விடப்பட்டன. ஆயுத வியாபாரத்தை விலக்கிய மரபிலிருந்து எடுத்த பயிற்சி ஆயுதமேந்துவோனுக்குக் கற்பிக்கப்படுகின்றது. வேலைப்பளுவாலும் நிச்சயமின்மையாலும் எழும் துயரம் தொழிலாளியின் மனத்தில் தோன்றிய கோளாறாகின்றது. கோளாற்றை நீக்கும் பொறுப்பும் அவன் தலையிலேயே விழுகின்றது. துக்கத்திற்குக் காரணம் உண்டு என்பது பௌத்தத்தின் முதற்பாடம். அக்காரணத்தை வினவாதிருக்கப் பழக்குவது பௌத்தத்தின் பெயரால் நடைபெறும் வணிகம்.

7

உரையாடலின் இப்பொதுப்போக்கிற்கு மாறான ஒரு மரபும் உண்டு. அம்மரபினர் விஞ்ஞானத்தைப் பௌத்தத்தின் அணிகலனாக அன்றி, பௌத்தத்தை உள்ளிருந்து திருத்தும் உரைகல்லாகக் கொண்டனர். திபெத்தியத் துறவி கெந்துன் சோபெல் 1938இல் கலிம்பொங்கிலிருந்து வெளிவந்த திபெத்தியப் பத்திரிகையில், உலகம் உருண்டையானது என்பதைத் தம் நாட்டவர் பிடிவாதம் விட்டு ஏற்கவேண்டும் என எழுதினார். 1946இல் லாசாவில் சிறைப்பட்டார். களனி வித்தியாலங்கார பிரிவேனாவில் சமஸ்கிருதம் கற்பித்த ராகுல் சாங்கிருத்தியாயன், பௌத்தத்தின் அநித்தியக் கோட்பாட்டைப் பற்றிநின்று மறுபிறப்பு நம்பிக்கையை விட்டுப் பொதுவுடைமையாளரானார்.

தமிழகத்தில் இம்மரபு சாதி எதிர்ப்போடு கலந்தது. அயோத்திதாசர் 1898இல் கொழும்புக்கு வந்து சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். விஞ்ஞானப் பேராசிரியரான லட்சுமிநரசு 1907இல் வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூல், 1948இல் அம்பேத்கரின் முகவுரையோடு மீண்டும் வெளிவந்தது. 1956 ஒக்டோபர் 14இல் நாகபுரியில் பல்லாயிரவரோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அவரது மறைவின் பின்னர் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே சங்கடமான வினாக்களை எழுப்புகின்றார். ஆன்மா இல்லையெனில் கர்மமும் மறுபிறப்பும் எவ்வாறு பொருந்தும்? நான்கு வாய்மைகள் புத்தரின் மூல போதனையில் அடங்குமா? முற்பிறவி வினையால் இப்பிறவியில் தாழ்வு என்னும் கொள்கை யாருக்குப் பயன்படும் என்பதனைத் தம் வாழ்வாலேயே அறிந்தவர் அவர்.

அவர் அளித்த விடைகள் முழுவதையும் மார்க்சியர் ஏற்க இயலாது. பகுத்தறிவுக்கு உகந்ததே புத்தர் வாக்கு என்னும் அவரது அளவுகோல், வரலாற்று ஆய்வில் ஒரு வட்டவாதமாகும். மார்க்சைப் பற்றிய அவரது மதிப்பீட்டோடும் எமக்குக் கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் முறையியல் நோக்கில் ஒரு வேற்றுமை அடிப்படையானது. சிக்காகோ மரபு, விஞ்ஞானம் எம் சமயத்தை மெய்ப்பித்துவிட்டது என்றது. அம்பேத்கரோ, மெய்ப்பிக்க முடியாததும் மனிதரைத் தாழ்த்துவதுமான பகுதி எம் சமயத்திலிருந்து நீங்கவேண்டும் என்றார். முன்னது மேற்கின் முன் தலைநிமிர விரும்பியோரின் வாதம். பின்னது தம் ஊரிலேயே தலைநிமிர முடியாதிருந்தோரின் வாதம்.

8

இவ்வாராய்ச்சி இந்நாட்டில் வெறும் மெய்யியல் ஆர்வத்திற்கு உரியதன்று. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடத்தை வழங்கியது; 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதனைத் தொடர்ந்தது. ஒரு சமயம் விஞ்ஞானமே எனக் கொள்ளப்படும்போது, அரசு அதற்கு அளிக்கும் முதன்மை சமயச்சார்பாகத் தோன்றாது அறிவுச்சார்பாகத் தோன்றத் தொடங்கும்; மறுப்போர் பகுத்தறிவை மறுப்போராகிவிடுவர். 1980களில் எழுந்த ‘ஜாதிக சிந்தனை’ இயக்கம் எதிர்த்திசையில் சென்று, மேலை விஞ்ஞானமும் ஒரு பண்பாட்டின் புனைவே என வாதித்தது. இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரே விளைவைத் தருகின்றன: அறிவின் அளவுகோல் இனத்தின் உடைமையாகின்றது. 2011இல் வடமத்திய மாகாண விவசாயிகளைப் பீடித்த சிறுநீரக நோய்க்கு ஆசனிக்கே காரணம் என்னும் கருத்து, நாத தெய்வம் உணர்த்தியதாகக் கூறப்பட்டுப் பல்கலைக்கழகச் சூழலிலிருந்தே முன்வைக்கப்பட்டமையை நாடறியும். ஆசனிக்கு உண்டா இல்லையா என்பதை ஆய்வுகூடம் தீர்க்கட்டும். நீரையும் மண்ணையும் உரத்தையும் வேலை வெப்பத்தையும் பொறுமையுடன் ஆராயவேண்டிய இடத்தில் தெய்வ வாக்கு சான்றாகப் புகுந்தால், அதற்கு விலை கொடுப்பவர் வயலில் நிற்பவரே.

இதனைத் தமிழர் ஒருவர் பௌத்தத்தின்மீது தொடுக்கும் வழக்காகக் கொள்ளுதல் தவறாகும். காப்ராவின் நூல் 1975இல் வெளிவந்தது தொட்டு, கூத்தப்பிரானின் நடனத்தில் நுண்துகட் பௌதிகம் காண்போர் எம்மவருள்ளும் பலர். 2004இல் ஜெனீவாவின் துகளாய்வு நிலையத்தில் இந்திய அரசின் அன்பளிப்பாக நடராசர் சிலை நிறுவப்பட்டபொழுது சைவ மேடைகளில் எழுந்த பெருமிதம், வெசாக் மேடைகளின் பெருமிதத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. வஞ்சியில் பூதவாதியைக் கேட்டுச் சிரித்தவள் தமிழில்தான் சிரித்தாள்.

எனவே முற்போக்காளரின் பணி, பௌத்தத்திற்கு விஞ்ஞானப் பட்டம் சூட்டுவதும் அன்று, அதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவதும் அன்று. வேதத்தின் பிரமாணத்தையும் பிறப்பின் உயர்வையும் கேள்விக்குள்ளாக்கிய அதன் வரலாற்றுப் பங்கினை மதித்தல் வேண்டும். அதன் காரணகாரியச் சிந்தனை எவ்விடத்தில் நின்றுபோயிற்று, அங்கு அதனை நிறுத்திய சமூக வலுக்கள் யாவை என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். உண்மையான உரையாடலில் இரு தரப்பினரும் எதையேனும் இழக்க ஆயத்தமாயிருத்தல் அவசியம். விஞ்ஞானம் ஒவ்வொரு தலைமுறையிலும் தன் கொள்கைகளை இழந்தே வளர்ந்துள்ளது. பௌத்தத்தின் தரப்பில் இதுவரை இழக்கப்பட்டது மேரு மலை மாத்திரமே. வறியோனின் வறுமையை முற்பிறவியின் கணக்கில் எழுதும் ஏட்டினை மூடிவைக்கும் நாளிலேயே அவ்வுரையாடல் மெய்யாகத் தொடங்கும்.